கைமாத்து இன்ஜின்

11 மார்ச் 2025, செவ்வாய்

மிளகு காயவில்லை. வெயில் வருகிறது, அரை மணி நேரத்தில் மூடிக்கொள்கிறது. மூன்று தடவை பரப்பி மூன்று தடவை அள்ளினேன். இடுப்பு விட்டுப்போய்விட்டது.

மத்தியானம் சேலத்திலிருந்து விமல்ராஜ் என்று ஒரு தம்பி போன் செய்தான். பழைய கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கமாம். மே மாதம் ஏற்காட்டில் அணிவகுப்பு வைக்கிறார்களாம். செம்மேடு பஸ் ஸ்டாண்டில் நின்ற என் வெள்ளைக் கான்டெசாவை யாரோ படம் எடுத்து அவனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். "எல்லாம் ஒரிஜினலுங்களாக்கா? இன்ஜினுமா?" என்றான். "ஒரு போல்ட்டுகூட மாத்தலப்பா" என்றேன். இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வண்டியே கிடையாதாம். எல்லாரும் பெட்ரோல் செலவுக்குப் பயந்து டீசல் இன்ஜினைத் தூக்கி வைத்துவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்க வருகிறான்.

வரட்டும். பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொல்லட்டும். அந்த ஆள் காதிலும் விழட்டும்.

13 மார்ச், வியாழன்

விமல்ராஜ் வாட்ஸ்அப்பில் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறான். 'வண்டியின் வரலாறு' என்று போட்டு நாலு கோடு. நான் எழுதினால் நாற்பது பக்கம் ஆகும், அதில் முப்பத்தைந்து பக்கம் வசவாக இருக்கும். அதனால் இங்கே எழுதிப் பார்க்கிறேன், அப்புறம் நாலு வரி பிய்த்துக்கொள்ளலாம்.

1990 மாடல். ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலை முதலாளி ஒரே நாளில் வாங்கிய ஜோடி வண்டி. வெள்ளை ஒன்று, நீலம் ஒன்று. அவருடைய ஆலைக்கு நாங்கள் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். 2006-இல் அவர் வண்டிகளை விற்றபோது ஜோடியைப் பிரித்துத் தர மாட்டேன் என்றார். இரண்டையும் வாங்கினோம். நாங்கள் என்றால் நானும் கருப்பண்ணனும். அப்போது புருஷன். இப்போது செம்மேட்டுப் பக்கம் குடியிருக்கும் ஒரு ஆள்.

வெள்ளை வண்டியில்தான் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். மலைப்பாதையின் எழுபது வளைவிலும் அந்த நீளமான மூக்கை எங்கே ஒடித்து எங்கே நிமிர்த்துவது என்று என் கைக்குத் தெரியும்.

2017 ஜனவரியில் என் அப்பா கொடுத்த தோட்டத்தில், மிளகுக்கொடி ஏறி நின்ற முப்பத்தெட்டு சில்வர் ஓக் மரங்களை அந்த ஆள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மர வியாபாரிக்கு விற்றார். நான் தாலுகா ஆபீஸ் போய்த் திரும்புவதற்குள் வெட்டிச் சாய்த்திருந்தார்கள். காய் பிடித்த கொடியெல்லாம் மண்ணில் கிடந்தது. அடுத்த மாதம் ஊர்க்கவுண்டர் முன்னால் துரும்பை முறித்துப் போட்டு, இனி புருஷன் பெண்டாட்டி இல்லை என்று அறுத்துக்கொண்டு வந்தேன். வெள்ளை வண்டி எனக்கு, நீல வண்டி அவருக்கு. "நான் தண்ணி ஊத்தி, ஆயில் ஊத்தி வளத்த இன்ஜினு. இது என்னுது. அவரு வண்டி எனக்குத் தூசி" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். இனி இந்த ஆளிடம் ஒரு வார்த்தை பேசினால் என் பேர் கலைமணி இல்லை என்றும் சொன்னேன்.

எட்டு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் என் பேர் கலைமணிதான்.

படிவத்தில் எழுதியது: "1990 மாடல். ஒரே இன்ஜின். நல்ல பராமரிப்பு."

16 மார்ச், ஞாயிறு

என் எழுத்து எனக்கே புரியவில்லை.

அந்தத் தம்பி வந்தான். முப்பது வயது இருக்கும், மரியாதையான பையன்தான். பம்பர், கண்ணாடி, டேஷ்போர்டு எல்லாம் பார்த்து "அருமைங்கக்கா" என்றான். டீ குடித்தான். அப்புறம் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்து, இன்ஜின் பிளாக்கில் ஒரு இடத்தில் பெட்ரோல் துணியால் துடைத்தான். நம்பரை எழுதினான். ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தான். மறுபடி டார்ச் அடித்தான்.

"அக்கா, புத்தகத்துல கடைசி நாலு நம்பர் 2286. இதுல 2291 இருக்குதுங்களே."

"சரியாப் பாரு" என்றேன்.

"மூணு தடவ பாத்துட்டனுங்க. இது உங்க இன்ஜினு இல்லீங்கக்கா. மாத்தியிருக்காங்க."

என் வீட்டு வாசலில் நின்று, என் டீயைக் குடித்துவிட்டு, என் வண்டியில் இருப்பது என் இன்ஜின் இல்லை என்கிறான். போய்யா வெளியே என்று சொல்லிவிட்டேன். அவன் மேல் தப்பில்லை. சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொல்லிவிட்டேன். பாவம், பாதி டீ அப்படியே இருந்தது.

போகும்போது வண்டி ஜன்னல் வழியாகச் சொன்னான்: "அணிவகுப்பு கெடக்குதுங்கக்கா. உங்க ஆர்.சி. ஏப்ரல் முப்பதோட முடியுது. ரினியூவலுக்குக் கொண்டு போனா நம்பரப் பாப்பாங்க. சேரலைன்னா வண்டிய ஓட்ட முடியாதுங்க."

போன தடவை, 2020-இல், கொரோனா நேரம். ஒருத்தரும் பானெட்டைத் திறக்கவில்லை. நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

யார் எடுத்தது? எப்போது எடுத்தது? என் இன்ஜின் எங்கே?

17 மார்ச், திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்.

தகரப் பெட்டியில் பழைய காகிதமெல்லாம் கவிழ்த்தேன். நீல வண்டி ஆர்.சி. நகல் கிடைத்தது. 2015-இல் இரண்டு வண்டிக்கும் நான்தானே போய் ரினியூவல் செய்தேன். நீல வண்டியின் இன்ஜின் நம்பர், கடைசி நாலு இலக்கம் 2291.

ஆக என் வண்டியில் ஓடுவது அந்த ஆளுடைய இன்ஜின். என்னுடையது அவரிடம். ஊர்க்கூட்டத்துக்கு முன்னாலேயே மாற்றிவிட்டார். நான் அங்கே நின்று "என் இன்ஜின் என் இன்ஜின்" என்று கத்தியபோது இவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பேசாமல் இருக்கிற ஆளை நம்பவே கூடாது.

மரத்தைத் திருடினது போதாது. இன்ஜினையும் திருடினான்.

எழுதும்போதே 'அவன்' என்று வந்துவிட்டது. இருக்கட்டும். அடித்துத் திருத்த மாட்டேன்.

18 மார்ச், செவ்வாய்

அடிவாரத்தில் ஒரு பட்டறைக்காரன். பேரை எழுத வேண்டாம். "இதுக்குப் போயி ஏனுங்க கவலப்படறீங்க. நம்பரத் தேய்ச்சுப் போட்டு உங்க புத்தகத்துல இருக்கறதக் குத்திக் குடுத்தர்றேன். கடவுளே வந்தாலும் கண்டுபுடிக்க முடியாது" என்றான். கிரைண்டரைக்கூடக் கையில் எடுத்துவிட்டான்.

ஒரு நிமிஷம் சரி என்றுதான் நினைத்தேன். பொய் சொல்லக் கூசவில்லை எனக்கு. அந்த நேரத்தில் கூசவில்லை. ஆனால் அப்படிச் செய்தால் அந்த ஆள் திருடியது திருட்டே இல்லை என்று ஆகிவிடும். 2291 என்ற நம்பர்தான் என் கையில் இருக்கும் ஒரே சாட்சி. அதைப் போய் நானே தேய்ப்பேனா?

"கைய எடு" என்றேன். எடுத்தான்.

19 மார்ச், புதன்

பொன்னண்ணன் பட்டறைக்குப் போனேன். செம்மேட்டில் இரண்டு கான்டெசாவுக்கும் வேலை பார்த்த ஒரே மெக்கானிக் அவர்தான். அவருக்குத் தெரியாமல் ஒரு போல்ட் கழன்றிருக்க முடியாது. உள்ளே நுழைந்ததும் நகலைப் பெஞ்சில் அடித்து வைத்தேன். "அந்த ஆளு எவ்வளவு குடுத்தாரு உங்களுக்கு, என் இன்ஜின மாத்தறதுக்கு?"

பொன்னண்ணன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "இதா. இது நீதான் மாட்டச் சொன்ன, சாமி."

"நானா?"

"மறந்து போச்சா? எளமதி மாசமா இருந்தப்போ."

அப்புறம் சொன்னார். நான் உட்காரவில்லை, நின்றேதான் கேட்டேன்.

2016 டிசம்பர். என் தங்கை இளமதிக்கு எட்டாம் மாதம். ரத்தம் குறைவு, எப்போது வேண்டுமானாலும் கீழே கூட்டிப்போக வேண்டி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் வெள்ளை வண்டியை எடுத்துக்கொண்டு கீழே போய்த் திரும்பும்போது ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்கவில்லை. நாற்பத்தி இரண்டாவது வளைவில் புகை வந்தது. நிறுத்தாமல் ஏற்றினேன். இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது.

அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. வளைவு, புகை, பின்னால் நின்ற லாரிக்காரன் திட்டியது எல்லாம் இருக்கிறது. வண்டியைக் கட்டி இழுத்துப் பட்டறையில் விட்டுவிட்டுப் பொன்னண்ணனுக்குப் போன் செய்ததும் இருக்கிறது.

"நீ என்ன சொன்ன தெரியுமா கண்ணு? 'எந்த எழவையாச்சும் எடுத்து மாட்டுங்க, சாயந்திரத்துக்குள்ள என் வண்டி வாசல்ல நிக்கோணும்'னு சொன்ன. போன வெச்சுட்ட."

மலையில் வண்டி நின்றுபோனால் ஆள் நின்றுபோன மாதிரி. அதனால் இங்கே எல்லாப் பட்டறையிலும் ஒரு வழக்கம் உண்டு. லேத்துக்கு அனுப்பிய இன்ஜின் திரும்பி வரும்வரை வேறு இன்ஜின் ஒன்றைப் போட்டு ஓட விடுவார்கள். கைமாத்து இன்ஜின் என்பார்கள். வேலை முடிந்ததும் திருப்பி மாற்றிவிடுவார்கள். அன்றைக்குப் பட்டறையில் கைமாத்துக்கு இன்ஜின் இல்லை. பொன்னண்ணன் கருப்பண்ணனிடம் போய்க் கேட்டிருக்கிறார். அந்த ஆள் நீல வண்டியிலிருந்து இறக்கி எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். என்னுடைய ஜாம் ஆன இன்ஜினை நீல வண்டியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள், கீழே போட்டால் துருப்பிடிக்கும் என்று.

"அப்பறம் ஏன் திருப்பி மாத்தல?"

"மாத்தறதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டீங்களே. ஜனவரில மரப் பிரச்சன. பிப்ரவரில துரும்பு. நீ ஊர்க்கூட்டத்துல வெள்ள வண்டி என்னுதுன்னு நின்ன. நான் யாருகிட்டப் போயிக் கேக்கறது, இன்ஜின எறக்கட்டுமான்னு?"

ஜனவரியில் ஆயில் மாற்ற ஒரு தடவை வண்டியை விட்டேன். அப்போது என் இன்ஜினைத் திருப்பி மாட்டிவிட்டார் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. நீல வண்டி ஏன் ஓடாமல் நிற்கிறது என்றும் கேட்கவில்லை. நான் எதைத்தான் கேட்டிருக்கிறேன்.

20 மார்ச், வியாழன்

இன்றைக்கு மிளகை மட்டும் கிளறினேன்.

23 மார்ச், ஞாயிறு

போயே தீர வேண்டும் என்று போனேன். தனியாகப் போக மாட்டேன், பொன்னண்ணனும் வர வேண்டும் என்று இழுத்துக்கொண்டு போனேன்.

அந்த ஆள் வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது நீல வண்டி. டயர் நாலும் மண்ணோடு மண். தார்ப்பாயை எடுக்கப் பொன்னண்ணனுக்கு அந்த ஆள் கை கொடுத்தார். தலை நரைத்திருக்கிறது. என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

"பானெட்டத் திறக்கச் சொல்லுங்கண்ணா" என்றேன் பொன்னண்ணனிடம்.

திறந்தார். என் இன்ஜின் அங்கேதான் இருந்தது. 2286. அன்றைக்கு நாற்பத்தி இரண்டாவது வளைவில் எப்படி நின்றதோ அப்படியே. ஒரு நட்டுகூடக் கழற்றப்படவில்லை. மேலே மட்டும் பழைய வேட்டியைச் சுற்றி வைத்திருந்தார், தூசி போகாமல்.

எட்டு வருஷமாக அந்த வண்டி ஓடவில்லை. எட்டு வருஷமாக அந்த ஆள் பஸ்ஸில் போகிறார். செம்மேடு பஸ் ஸ்டாண்டில் பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பதை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன். ஒரு வண்டியை வைத்து ஓட்டத் துப்பில்லாத ஆள் என்று டீக்கடையில் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன், அவருக்குக் கேட்கிற மாதிரி. அவருடைய இன்ஜினில் போய் இறங்கிச் சொல்லியிருக்கிறேன்.

"ஏன் சரி பண்ணல?" என்று கேட்டுவிட்டேன்.

"அது உன்னோட இன்ஜினு. அதுல நான் எதுக்குக் கை வெக்கோணும்?"

"அன்னைக்கு ஊர்க்கூட்டத்துல சொல்லியிருக்கலாமே. வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"சொல்லியிருந்தா நீ அந்த இன்ஜினக் கழட்டிக் களத்துல வெச்சுட்டு நடந்தே போயிருப்ப. எளமதி கொழந்தைக்கு அப்ப இருபது நாளு. வாராவாரம் கீழ கூட்டிட்டுப் போயிட்டிருந்த."

என்ன திமிர் பார். நான் என்ன செய்வேன் என்று இவருக்கு எப்படித் தெரியும்? நடந்து போயிருப்பேனா? போயிருப்பேன். கண்டிப்பாகப் போயிருப்பேன். அதுதான் இன்னும் எரிகிறது.

பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. நான் பொன்னண்ணனிடம் கேட்கவில்லை, நேராக அவரிடமே கேட்டிருக்கிறேன்.

24 மார்ச், திங்கள்

ஒன்றைத் தெளிவாக எழுதி வைக்கிறேன், பிறகு மறக்கக்கூடாது. தண்ணீர் பார்க்காதது நான். எந்த எழவையாவது மாட்டு என்றது நான். கேட்காதது நான். ஊரைக் கூட்டி ஒரிஜினல் என்று கத்தியது நான். சரி. ஒப்புக்கொள்கிறேன்.

மரத்தை வெட்டியது அவர். அது அப்படியேதான் இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று கழிந்துபோகாது.

இவ்வளவு கோபத்தையும் வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்?

1 ஏப்ரல், செவ்வாய்

வண்டிக் காகித வேலை பார்க்கும் சந்தோஷ்குமாரைப் பார்த்தேன். சுலபமான வழி ஒன்று இருக்கிறதாம். இன்ஜின் மாற்றியதாக இரண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டால், 2291-ஐ என் வண்டிப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ளலாம். என் வண்டி பழையபடி ஓடும்.

சாயந்திரமே பொன்னண்ணன் போன். "கருப்பண்ணன் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டான் சாமி. நாளைக்கு வந்து வாங்கிக்க."

நான் கேட்கவே இல்லை. யார் போய்ச் சொன்னது? கேட்பதற்கு முன்னாலேயே கொடுப்பது என்ன பழக்கம்? கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொள்வது, அப்புறம் எட்டு வருஷம் கழித்து எனக்குத் தெரிவது.

2 ஏப்ரல், புதன்

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். கீழே அவர் கையெழுத்து, அதே கோணல். என் இடம் காலியாக இருக்கிறது.

கையெழுத்துப் போட்டால் ஓடுகிற இன்ஜின் எனக்கு. நானே எரித்த இன்ஜின் அவருக்கு, சட்டப்படி, காலத்துக்கும்.

போட மாட்டேன். அவரவர் இன்ஜின் அவரவர் வண்டிக்கே திரும்பிப் போகட்டும்.

இது நியாயமா, வீம்பா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

14 ஏப்ரல், திங்கள்

வருஷப் பிறப்பு. இளமதியும் பிள்ளையும் வந்திருந்தார்கள். பிள்ளைக்கு எட்டு வயது. வெள்ளைக் கார் எங்கே போகப்போகிறது பெரியம்மா என்று கேட்கிறான். பட்டறைக்கு என்றேன். இளமதி, "அக்கா, கையெழுத்துப் போட்டுட்டு சும்மா இருக்க மாட்டியா? வண்டி இல்லாம மிளகு மூட்டைய என்ன தலையிலயா தூக்குவ?" என்றாள்.

"உன் வேலயப் பாரு" என்றேன். பாயசம் இறங்கவில்லை அவளுக்கு. எனக்கும்தான்.

21 ஏப்ரல், திங்கள்

வெள்ளை வண்டியைப் பொன்னண்ணன் பட்டறையில் விட்டேன். போகும் வழியில் எங்கும் நிற்கவில்லை. ஏற்றத்தில் மூன்றாவது கியரில் இழுத்தது. எவ்வளவு நன்றாக இழுத்தது. எட்டு வருஷம் ஆயில் மாற்றி, பில்டர் மாற்றி, மழைக்காலத்தில் தினமும் ஸ்டார்ட் செய்து வைத்தது எல்லாம் இந்த இன்ஜினுக்குத்தான். வேறு ஒருத்தர் இன்ஜின் என்று தெரியாமல் செய்தேன். தெரிந்திருந்தால் செய்திருப்பேனா? மாட்டேன்.

"நல்லா ரோசன பண்ணிட்டியா?" என்றார் பொன்னண்ணன்.

"எறக்குங்க."

25 ஏப்ரல், வெள்ளி

இரண்டு இன்ஜினும் இறங்கிவிட்டது. என்னுடையதைப் பிரித்தார்கள். சிலிண்டர் முழுக்கக் கோடு. ஹெட்டில் விரிசல், விரல் நகம் உள்ளே போகிற அளவுக்கு. பிஸ்டன் இரண்டு அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இது என் கைவேலை. பொன்னண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

இதற்குப் பிஸ்டன் எங்கேயும் கிடைக்காதாம். தேடினால் ஆறு மாதமோ ஒரு வருஷமோ.

30 ஏப்ரல், புதன்

ஆர்.சி. இன்றோடு முடிந்தது. இன்றைக்குச் சந்தைக்குப் பஸ்ஸில் போனேன். உட்கார இடம் இல்லை. மிளகு மூட்டைக்குத் தனி டிக்கெட்.

3 மே, சனி

விமல்ராஜ் போன் செய்தான். அன்றைக்குத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்கக்கா" என்றான். அப்புறம், "இப்ப ஒரிஜினல் ஆயிடுச்சுங்களா?" என்றான்.

"ஆயிடுச்சு. ஓடத்தான் இல்ல."

"ஓடலைன்னா என்னங்கக்கா. லாரில ஏத்திக் கொண்டுவந்து நிறுத்திரலாம். நம்பர் சேந்தா போதும், மொதல் பரிசு உங்களுக்குத்தான்."

நம்பர் சேர்ந்தால் போதுமாம். ஓட வேண்டாமாம். லாரியில் போய் ஏற்காட்டில் இறங்கி, மாலை போட்டுக்கொண்டு, பானெட்டைத் திறந்து வெந்துபோன இன்ஜினைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டுமாம். யாருக்கு வேண்டும் அந்தப் பரிசு? "தம்பி, என் பேர எடுத்துரு" என்றேன். இந்தத் தடவை திட்டவில்லை. எரிச்சலை முழுங்கிக்கொண்டேன்.

8 மே, வியாழன்

நீல வண்டியில் 2291 ஏறிவிட்டது. இரண்டாவது சாவியிலேயே பிடித்துக்கொண்டது. பட்டறையில் நான் இருந்தேன், அந்த ஆளும் இருந்தார். இன்ஜின் ஓடும்போது பானெட்டுக்குள் கையை வைத்துப் பார்த்தார். "நல்லா வெச்சிருக்கற" என்றார்.

எனக்கு ஒன்றும் நன்றி வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

12 மே, திங்கள்

இதை முழுசாக எழுத வேண்டும்.

நீல வண்டிக்கும் ஆர்.சி. ஐந்து வருஷத்துக்கு முன்னாலேயே முடிந்துபோயிருக்கிறது. நாமக்கல் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். எட்டு வருஷமாக ஓட்டாத ஆள், இறக்கத்தில் பிரேக்கில் கால் வைத்தால் நடுங்குகிறதாம். பொன்னண்ணன் எனக்குப் போன் செய்து சுற்றி வளைத்தார். "நீ ஓட்டிட்டுப் போனா நல்லாருக்கும் சாமி. இன்ஜினு உன் கைக்குப் பழகினது."

ஏன் ஒப்புக்கொண்டேன் என்று எழுத மாட்டேன்.

காலையில் கிளம்பினோம். நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில். முதல் வளைவில் ஆரம்பித்தேன். எதையும் விடவில்லை. பஸ் ஸ்டாண்டில் பேசாமல் நின்றது, ஊர்க்கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்தது, கேட்காமல் கையெழுத்துப் போட்டது, எல்லாம் சொன்னேன். வளைவுக்கு வளைவு ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே திட்டினேன். அவர் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பதாவது வளைவு வாக்கில் மரத்துக்கு வந்தேன். முப்பத்தெட்டு மரம். ஒவ்வொரு கொடிக்கும் வயசு சொன்னேன்.

"வெட்டுனது தப்பு" என்றார்.

வண்டியை ஓரம் கட்டினேன். பின்னால் வந்த பஸ் எங்களைத் தாண்டிப் போனது. பிறகு சொன்னேன்: "இந்த ஒரு சொல்ல அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன?"

"சொல்ல வந்தேன். நீ பேச உட்டியா?"

"நான் உடலைன்னா? குறுக்க புகுந்து சொல்லோணும். மனுசன்னா அப்படித்தான் சொல்லோணும். நான் நிறுத்தற வரைக்கும் காத்துட்டு இருந்தா நான் எப்ப நிறுத்துவேன்?"

"அது தெரிஞ்சுதான் காத்துட்டு இருந்தேன்" என்றார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இறக்கி விட்டிருப்பேன்.

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருமே, அந்த அழுகை. துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்தேன். அடிவாரத்தில் காரவள்ளி செக்போஸ்ட் வரும்போது தொண்டை கட்டிவிட்டது. அங்கே நிறுத்தி இரண்டு டம்ளர் தண்ணீர் வாங்கி வந்தார். ஒன்றை என்னிடம் கொடுத்தார். இன்னொன்றைக் கொண்டுபோய் ரேடியேட்டர் மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தேவையில்லை என்று அவரே குடித்தார்.

ஆபீசில் நம்பர் பார்த்தார்கள். 2291, புத்தகத்திலும் 2291. பாஸ்.

திரும்பி ஏறும்போது எனக்குக் குரலே இல்லை.

22 மே, வியாழன்

இரண்டு தடவை பஸ்ஸை விட்டுவிட்டேன். என் இன்ஜின் பட்டறைப் பெஞ்சில் நாலு துண்டாகக் கிடக்கிறது. வெள்ளை வண்டியின் முன்பக்கம் காலியாக இருக்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை. இளமதி சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரு நிமிஷம்தான்.

9 ஜூன், திங்கள்

நோட்டைப் பிரித்து இரண்டு வாரம் ஆகிவிட்டது.

அந்த ஆள் திருச்சிவரைக்கும் நீல வண்டியில் போய், எங்கேயோ ஒரு பழைய இரும்புக் கடையில் நாலு பிஸ்டன் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். இப்போது தனியாகவே மலை இறங்கி ஏறுகிறார், வேகம் மட்டும் மாட்டுவண்டி வேகம். நேராகப் பட்டறைக்கு வந்து பெஞ்சில் வைத்தார். பொன்னண்ணன் அளவு பார்த்தார். சைஸ் தப்பு.

அளவு எழுதிக் கொடுத்த சீட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பட்டறையே கேட்கிற மாதிரி திட்டினேன். இன்றைக்குக் குறுக்கே புகுந்து பேசினார், ஒன்றிரண்டு இடத்தில். "சரி, நாளைக்குப் போயி மாத்திட்டு வாரேன், சீட்ட நீயே கையில வெச்சுக்க" என்றார். சீட்டைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் நானும்தானே போக வேண்டும். காலை ஆறு மணிக்கு வாசலுக்கு வருகிறாராம்.

திட்டி எழுதத்தான் இந்த நோட்டை எடுத்தேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டேன். திட்ட வேண்டியதெல்லாம் அங்கேயே தீர்ந்துவிட்டது, எழுதுவதற்கு எதுவும் மிச்சமில்லை. ஐந்து மணிக்கு எழ வேண்டும்.